கிழக்குப் பார்த்த டிவி

எங்கள் கடையில் படம் எடுப்பவர் என் வீட்டுக்காரர். எடுத்ததை உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவள் நான். கந்தர்வக்கோட்டை கடைவீதியில் முன்பக்கம் ஜெராக்ஸ், பின்பக்கம் நீலத் துணி கட்டிய ஸ்டூடியோ, நடுவில் என் கம்ப்யூட்டர். அவர் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டால் மனுஷன் ராஜா. கல்யாண வீட்டில் யார் எந்த நேரம் அழப்போகிறார்கள் என்று மோப்பம் பிடித்து முன்னாடியே போய் நின்றுவிடுவார். கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் சுத்தம். ஒயர் ஒன்று கையில் இருந்து, எதிரே ஓட்டை ஒன்று காலியாக இருந்தால் போதும், சொருகிவிடுவார். சொருகியது இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புதுச் சாமானில் ஒட்டி வரும் பிளாஸ்டிக்கை அவர் பிரிக்கவே விடமாட்டார். எங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது. எண்ணே தெரியாது, நான் தடவித்தான் அமுக்குகிறேன். வண்டி சீட்டில் கம்பெனி போட்ட கவர் கிழிந்து நூல் நூலாகத் தொங்குகிறது. எடுக்கட்டுமா என்றால், பாதுகாப்பாக இருக்கட்டும் என்பார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டால் சீட்டைத் தட்டிவிட்டு வண்டியை எடுப்பார்.

கம்ப்யூட்டர் பழையது. மதர்போர்டிலேயே படம் காட்டுகிற வசதி உள்ளது. மானிட்டர் ஒயரை அதில் சொருகினால் ஆல்பம் போடலாம், பத்திரிகை அடிக்கலாம். வீடியோ வேலை கூடியதும் அது திணற ஆரம்பித்தது. திருச்சிக்குப் போய் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி உள்ளே மாட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கிருந்து சிபியு முதுகில் படம் வெளியே வர இரண்டு இடம். மேலே, மவுசும் கீபோர்டும் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் போர்டின் சாக்கெட்டுகள். கீழே தனியாக கார்டின் சாக்கெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்பு ரப்பர் மூடியோடு. கார்டு உள்ளே வந்துவிட்டால் போர்டு படம் காட்டுவதைத் தானாக நிறுத்திக்கொள்ளும். மேலே சொருகிவிட்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாலும் இருட்டுத்தான்.

இரண்டையும் சேர்த்து ஓட்டவும் வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் கண் விழிக்கிற நேரத்தில் ஒரு பட்டனை விடாமல் தட்டி, செட்டிங்குக்குள் போய், போர்டும் திறந்தே இருக்கட்டும் என்று மாற்றி வைக்க வேண்டும். கடையில் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். என் சின்ன மானிட்டர் போர்டில், வந்தவர்களுக்குப் படம் காட்டுகிற டிவி கார்டில். கனமான வேலையைக் கார்டு பார்க்கும், சில்லறை வேலையைப் போர்டு பார்க்கும், சண்டை சச்சரவு கிடையாது. ஒரே ஒரு சங்கடம், போர்டில் இருக்கிற பொட்டு பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் ஒயரைப் பிடுங்கி வேறு இடத்துக்குத் தூக்கிப் போனால் மாற்றி வைத்தது அத்தனையும் மறந்துவிடும். அதனால் வெளிவேலைக்குப் போகும்போது மானிட்டர், டிவி இரண்டையும் கார்டிலேயே சொருகிவிடுவேன். வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் தலையை ஆட்டினார். எதற்குத்தான் ஆட்டாமல் இருந்தார்?

இப்படி இருக்கையில் ஒரு நாள் ஒரு பெண் கடைக்கு வந்தாள். பக்கத்துக் கிராமம், முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. தோல் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருந்தது. இடுப்பில் பெண் குழந்தை, நான்கு வயதை எட்டப்போகிறது, இன்னும் காது குத்தவில்லை. காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டே சொன்னாள், கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான், வளைகுடாவில் ஒரு எண்ணெய் ஆலையில் வேலை, அவன் மடியில் வைத்துத்தான் குத்துவேன் என்று காத்திருந்ததில் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு தடவை நாள் குறித்து இரண்டு தடவையும் லீவு கிடைக்கவில்லை. இப்போது பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று மாமியார் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா அப்பா இரண்டு பேரும் இல்லை. தம்பியை இவள்தான் வளர்த்திருக்கிறாள். சித்தப்பா மகன் ஒருத்தன் உள்ளூரில் இருக்கிறான். முறைப்படி அவனும் தாய்மாமன்தான், கூப்பிட்டால் வந்து உட்காருவான். ஆனால் அப்பா செத்த வருஷமே முந்திரிக்காட்டில் வேலியை நகட்டிப் போட்ட வீடு அது. அன்றையிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. அந்த வீட்டு ஆள் மடியில் என் பிள்ளை உட்காருவதை என் தம்பி பார்த்தால் செத்துப்போவான் என்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தம்பி டிவியில் வரவேண்டும், ஆள் உயரத்துக்கு. காது குத்தும்போது அவன் மடியில் பிள்ளை உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும்.

செல்போனில் வீடியோ கால் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். கையகலச் செல்லில் மாமனைக் காட்டி எப்படி உட்கார வைப்பது என்று திருப்பிக் கேட்டாள். அதோடு ஆலைக்குள் செல்லே கொண்டுபோகக் கூடாதாம், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். மேலாளர் ஒருவர் மனசு இறங்கி, வேலை தொடங்கும் முன்னால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்துகொள் என்று சொல்லியிருக்கிறார். அந்த அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

செய்துவிடலாம் என்றேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு. ஒன்றும் கவலைப்படாதே, உன் தம்பி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரியே செய்து தருகிறேன் என்று வேறு சொல்லிவைத்தேன்.

குலதெய்வக் கோயில் முந்திரிக்காட்டுக்கு நடுவில். பக்கத்தில் ஒரு கட்டடம், மூன்று பக்கம் சுவர், மேலே தகரம். காலையிலேயே போய் இறங்கினோம். வாடகைக்கு எடுத்த பெரிய டிவியைத் தரையோடு தரையாகக் குட்டை ஸ்டூலில் வைத்தேன். டிவிக்கு முன்னால் ஜமுக்காளம், அதன் மேல் பலகை. பிள்ளை பலகையில் உட்கார்ந்தால் திரையில் தெரிகிற மாமன் மடியில் உட்கார்ந்தது போலவே இருக்கும். எதிரே ஒரு ஸ்டாண்டில் சின்னக் கேமரா, பலகையும் டிவியும் அதில் தெரிகிற மாதிரி. மைக்கையும் அங்கேயே வைத்தேன், பிள்ளையின் அழுகை மாமனுக்குக் கேட்க வேண்டுமே. கம்ப்யூட்டரைப் பக்கத்து மேஜையில் வைத்து, கார்டில் இருந்த ரப்பர் மூடிகளைக் கழற்றி மேஜை மேல் போட்டுவிட்டு, இரண்டு ஒயரையும் கார்டில் சொருகினேன். நானே சொருகினேன்.

தாய்மாமனுக்கு மாலை போட வேண்டுமே, அதில் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. அக்காக்காரி ரோஜா மாலை வாங்கி வைத்திருந்தாள். டிவி மேல் போடப் போனவளை அவள் நாத்தனார் கையைப் பிடித்து நிறுத்தினாள். உசுரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போடுவார்களா, புத்தி கெட்டுப்போச்சா என்று. அதுவும் சரிதான். மாலையைப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் வைத்தார்கள்.

சொன்ன நேரத்துக்குத் தம்பி வந்தான். ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அவனும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, பேண்டுக்கு மேலேயே வேட்டியைச் சுற்றியிருந்தான், நெற்றியில் திருநீறு, மடியில் மடித்த புதுத் துண்டு. அக்காவும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிள்ளை ஓடிப்போய்த் திரையில் அவன் மூக்கைத் தொட்டது. அந்தத் தகரக் கொட்டகையே சிரித்தது. அவன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். காது குத்த வந்த ஆசாரியும் இந்தக் காலத்துக்கு இதுவும் சரிதான் என்று ஊசியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் நாத்தனார் கேட்டாள், டிவி எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்று. தெற்கு. மாமன் தெற்கே பார்த்து உட்காரலாமா, கிழக்கே பார்த்து அல்லவா உட்கார வேண்டும் என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. அம்மா, அவர் அங்கிட்டு எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரோ, அதுதான் கணக்கு, டிவி திசை கணக்கில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கூட்டத்தில் ஒருத்தருக்கும் அது ஏறவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது தெற்கு, அப்புறம் என்ன? டிவிக்குள்ளிருந்து தம்பியே சொன்னான், அவங்க சொல்றதும் சரிதானே, திருப்பிருங்க. பிள்ளை விஷயம், எதுக்கு வம்பு என்று.

அந்த நேரம் பார்த்து நெட்டுக்காக நான் வெளியே முந்திரி மரத்தில் கட்டி வைத்திருந்த செல்லில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. நான் வருகிற வரைக்கும் எதையும் தொடாதீங்க என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். கிளையைப் பிடித்து இழுத்து, செல்லை இன்னும் உயரத்தில் கட்டிவிட்டு உள்ளே வந்தேன். டிவி கிழக்குப் பார்த்து இருந்தது, பலகையையும் கேமரா ஸ்டாண்டையும் அதற்கு ஏற்ற மாதிரி நகர்த்தியிருந்தார்கள். கம்ப்யூட்டர் மேஜை சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. மேஜைக்கு முன்னால் சீர்த்தட்டுகளை வரிசையாகப் பரப்பிவிட்டார்கள், பழம், தேங்காய், பட்டுப்பாவாடை, தம்பி ஆள் மூலம் கொடுத்தனுப்பிய தங்கத் தோடு. டிவி கறுப்பு. மானிட்டரும் கறுப்பு. தம்பியின் குரலும் டிவி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது, அதுவும் இல்லை.

ஒயர் எட்டவில்லை, கழற்றி மேஜைக்கு அந்தப் பக்கமாக விட்டு மறுபடி சொருகினேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றார் வீட்டுக்காரர். தட்டுகளுக்கு மேலாக எக்கி, சுவருக்கும் சிபியுவுக்கும் இடையில் கையை நுழைத்துத் தடவிப் பார்த்தேன். இரண்டும் கெட்டியாகத்தான் இருந்தன. உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. இது இரண்டாவது கார்டு, முதலில் வாங்கியது இதே மாதிரிதான் போனது, மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்க, படம் மட்டும் போய்விட்டது. போச்சு, இந்தக் கார்டும் செத்துப்போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். அணைத்துப் போடலாம் என்றால், அது எழுந்து உட்கார்வதற்குள் ஒரு பந்தியே சாப்பிட்டு எழுந்துவிடும். அரை மணியில் பாதி ஏற்கெனவே போய்விட்டது.

தம்பி செல்லுக்கு யாரோ போட்டார்கள். சுவிட்ச் ஆஃப். வாசலில் வாங்கி வைத்திருப்பார்களே. வீட்டுக்காரர் செல்லில் அதே வீடியோ மீட்டிங்குக்குள் போகப் பார்த்தேன். உள்ளே விட அனுமதிக்காகக் காத்திருக்கவும் என்று வந்தது. அந்த அனுமதியைக் கொடுக்க வேண்டியவள் நான். கொடுக்கிற பட்டன் இருப்பது கறுத்துக் கிடக்கிற திரையில். என் வீட்டுக் கதவை நானே வெளியில் நின்று தட்டிக்கொண்டிருந்தேன். மவுசைக் குத்துமதிப்பாக நகர்த்தி எங்கெங்கோ அமுக்கிப் பார்த்தேன். எந்தக் கம்ப்யூட்டர்காரிக்கும் அந்த நிலைமை வரக்கூடாது. ஊரே பின்னால் நின்று என் முதுகைப் பார்க்கிறது, எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்துபோய்விட்டது.

பின்னால் பேச்சு ஆரம்பித்தது. முதலில் மெதுவாக. அங்கிட்டே கட் பண்ணியிருப்பான். காது குத்தினால் மாமன் சீர் இதோடு நிற்குமா, இனி ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டுமே, அதான் நைசாக நழுவிட்டான் என்றாள் நாத்தனார். அவளைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். காலையிலிருந்து பம்பரமாகச் சுற்றிப் பந்திக்கு இலை போட்டவளும் அவள்தான். ஆனால் வாய். அக்காக்காரி அதற்கு, தோடு யார் அனுப்பினதாம், பட்டு யார் அனுப்பினதாம் என்று மல்லுக்கு நின்றாள். என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இந்தா வந்துரும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல் எத்தனை தடவை அதைச் சொன்னேனோ.

நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஆசாரி சொன்னார். பிள்ளையின் அப்பா வெளியே போனார். திரும்பி வரும்போது அவரோடு சித்தப்பா மகன் வந்தான், புதுச் சட்டை வேட்டியில். எதற்கும் இருக்கட்டும் என்று இவர்தான் பெண்டாட்டிக்குத் தெரியாமல் சொல்லி வைத்திருக்கிறார். காரில் உட்கார்ந்திருந்தானாம் இத்தனை நேரமும். பாவம், அவனுக்கும் முகம் செத்துத்தான் போயிருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டான்.

அவனைப் பார்த்ததும் அக்காக்காரிக்குள் என்னவோ அறுந்துவிட்டது. புருஷன் மேல் பாய்வாள் என்று நினைத்தேன். நாத்தனாரை விளாசுவாள் என்று நினைத்தேன். என்னைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருந்தால்கூட நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் நேராக அந்தக் கறுப்பு டிவிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ரெண்டு வருஷமா வாரேன் வாரேன்னே. இன்னைக்கு ஒத்த அரை மணி நேரம் ஒன்னால முடியலையா? போ. எனக்குத் தம்பின்னு யாரும் இல்ல. செத்துட்டான்னு வச்சுக்கிறேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் கிடந்த மாலையை எடுத்து டிவியில் மாட்டினாள். இரண்டு மூலையிலும் சரியாக இழுத்துவிட்டு, நடுவில் தொங்குகிற மாதிரி, படத்துக்குப் போடுவது போலவே. நாத்தனாரே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து போய் அதை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

சித்தப்பா மகன் வந்து பலகையில் உட்கார்ந்தான். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தார்கள். அது விறைத்துக்கொண்டு திரும்பித் திரும்பி டிவியைப் பார்த்தது. மாமா தூங்குறாங்களா என்று கேட்டது. ஆசாரி வலது காதில் முதலில் குத்தினார். பிள்ளை மாமா மாமா என்று அலறியது, உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிடவில்லை என்று அவனுக்கும் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டு அதன் கையைப் பிடித்திருந்தான். வீட்டுக்காரர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். யார் எப்போது அழுவார்கள் என்று தெரிந்த மனுஷன், அன்றைக்குக் கேமராவை ஒரு பக்கமும் திருப்பாமல் பிள்ளை காதிலேயே வைத்திருந்தார்.

முடிந்ததும் கூட்டம் பந்திக்குப் போனது. சித்தப்பா மகன் சாப்பிடாமலே கிளம்பிவிட்டான். பிள்ளை பலகையிலேயே உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தது, அம்மாக்காரி பக்கத்தில் சுவரில் சாய்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். செத்த கார்டை ஏற்றிக்கொண்டு போய்ச் சேருவோம் என்று நான் மேஜையை இழுத்தேன். சிபியுவின் முதுகு அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

இரண்டு ஒயரும் மேலே போர்டில் இருந்தன. கீழே கார்டின் வாய்கள் மூன்றுக்கும் கறுப்பு ரப்பர் மூடிகள் அழகாக மாட்டியிருந்தன. மேஜை மேல் நான் கழற்றிப் போட்டதைப் பொறுக்கி எடுத்து, குங்குமம், தூசி எதுவும் உள்ளே போய்விடக் கூடாதே என்று பொறுப்பாக மூடிவிட்டிருக்கிறார். மூடி போட்டது புழங்காத இடம், திறந்திருந்தது புழங்குகிற இடம், அவர் கணக்கு அவருக்கு. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்ன என்று கேட்டார். நான் மறுபடி அந்த மூடிகளையே பார்த்தேன்.

கார்டு சாகவில்லை என்பது புரிந்த அதே நொடியில் இன்னொன்றும் புரிந்தது. கம்ப்யூட்டர் அணையவே இல்லை. படம் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஸ்டாண்டில் இருந்த கேமராவின் சின்ன நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே எரிந்துகொண்டுதான் இருந்தது.

மூடிகளைப் பிடுங்கி ஒயரை மாற்றிச் சொருகினேன். டிவியில் வெளிச்சம் வந்தது. மாலைக்கு நடுவில் தம்பி.

வேட்டியை அவிழ்த்துவிட்டு ஆலை உடுப்பில் குனிந்தபடி நின்றிருந்தான், கை இடுக்கில் தலைக்கவசம். கொடுத்த அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருக்கும், போகாமல் நின்றிருக்கிறான். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நாங்கள் அவனைப் பார்த்துவிட்டோம் என்பது அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அக்காக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, பாப்பாவுக்கு வலது காதுல ரத்தம் கசியுது பாரு. தோட்ட அழுத்தாத. சுத்தித் தொடச்சு விடு."

பின்னாலிருந்து யாரோ வேற்று மொழியில் அவனை அதட்டினார்கள். வாரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் படத்திலிருந்து போனான். வெறும் தரை தெரிந்தது, அதில் அந்தப் புதுத் துண்டு மடித்தபடியே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் படத்தையும் யாரோ அணைத்துவிட்டார்கள்.

அவள் டிவியிலிருந்து மாலையைப் பிய்த்து எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள், பிறகு ஜமுக்காளத்தில் போட்டாள். பிள்ளையிடம் குனிந்து, முந்தானை நுனியை ஈரம் பண்ணி வலது காதைத் துடைக்க ஆரம்பித்தாள். கறுத்த விரல்கள், தோட்டைத் தொடாமல், சுற்றி மட்டும். வீட்டுக்காரருக்கு அப்போது விஷயம் புரிந்துவிட்டது. ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவரைத் திட்டவில்லை. திட்டித் தீருகிற காரியமா இது.

போர்டு, கார்டு, மேலே, கீழே என்று அவளிடம் சொல்லத் தொடங்கினேன். உன் தம்பி கட் பண்ணவே இல்லை, அவன் பக்கம் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஏதோ ஒரு கிறுக்குத்தனம். பாதி சொல்வதற்குள் அவள் நிமிராமலே கேட்டாள்.

"பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கான். சரி. நான் பேசுனது கேட்டிருக்குமாக்கா?"

அவள் நின்று பேசிய இடத்துக்கு நேரே மைக்கை வைத்தவள் நான். பிள்ளையின் சின்ன முனகல்கூட விட்டுப்போகக் கூடாது என்று சத்தத்தைக் கூட்டி வைத்தவளும் நான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சாயங்காலம் அவன் வாசலில் செல்லை வாங்கியதும் இவள் அவனிடம் பேசியாக வேண்டுமே. என்ன பேசுவாள், எதைத் தெரிந்துகொண்டு பேசுவாள்?

கேட்டிருக்கும் என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.